செம்புக்குள் கல்லுப்பல்லி

அத்தியாயம் ஐந்து

கோழிக்குக் கார்ப் பயணம் ஒத்துவரவில்லை. வவுனியாவில் ஏற்றியதிலிருந்து நெடுங்கேணி றோட்டால் வந்து, காட்டுப் பாதையில் இறங்கி, கல்லிருப்புக் குடியேற்றத்தை அடையுமட்டும் பின்சீற்றில் கிடந்து கத்தியது. அதைவிடக் கூடக் கத்தியது முத்தலிப்பின் பழைய ஒஸ்ரின் கார்தான்.

“சும்மா இரடி,” என்று முத்தலிப் கண்ணாடியில் பார்த்துக் கோழிக்குச் சொன்னான். “இந்தக் காருக்குள்ள நான் எத்தினை வருசமாக் கிடந்து குலுங்கிறன். ஒருநாளாவது கத்தினனானோ?”

முன்சீற்றில் இருந்த விமலேஸ்வரி சிரிக்கவில்லை. கோழிக்குப் பக்கத்தில் இருந்த மீனம்மாவோ, பகிடி ஒன்று சொல்லப்பட்டதையே அறியாதவள் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்தலிப் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு அது லேசான காரியமல்ல.

விமலேஸ்வரி ஒரு காலத்தில் கோட்டில் நீதவானுக்கு முன்னால் நிற்கும் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழிலும் சிங்களத்திலும் பொய் ஒரே மாதிரித்தான் கேட்கிறது என்று அலுத்துப்போய் வேலையை எறிந்துவிட்டு, இப்போது ஊராருக்குக் களவு, மோசடி, காணாமற்போன மாடு, காணாமற்போன மாப்பிள்ளை எல்லாம் துப்புத் துலக்கிக் கொடுக்கிறார். முத்தலிப் அவருக்குச் சாரதி, கையாள், வேண்டாத ஆலோசகர். காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய மீனம்மா, கோழியை மேசையில் வைத்துவிட்டு, “எங்க வீட்டுக்காரரக் காப்பாத்திக் குடுங்கம்மா,” என்று அழுதபோது, கோழி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். கோழியை எடுக்காவிட்டால் தான் எழும்பமாட்டேன் என்று அவள் நிலத்திலேயே இருந்துவிட்டாள்.

விசயம் இதுதான். மீனம்மாவின் புருசன் ஆண்டியப்பன், கல்லுடைக்கக் குத்தகை எடுத்த தங்கராசா என்ற கொந்தறாத்துக்காரரின் கல்லு மலையில் வெடி வைக்கிறவன். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள் என்று உடுத்த துணியோடு வன்னிக்கு வந்த குடும்பம். முந்தநாள் காலையில் வெடிமருந்து அறையைத் திறந்தால், உள்ளே இருந்த பெட்டியைக் காணவில்லை. அறைப் பூட்டுக்குத் திறப்பு இரண்டு. ஒன்று தங்கராசாவிடம், மற்றது ஆண்டியப்பனின் அரைஞாணில். பொலிஸ் வந்தது, தங்கராசாவைக் கதிரையில் இருத்தி விசாரித்தது, ஆண்டியப்பனைக் கட்டிக்கொண்டு போனது. அது எண்பத்திரண்டாம் ஆண்டு. வெடிமருந்து என்ற சொல்லை உரத்துச் சொல்லவே ஊர் பயந்த காலம். இன்றைக்குப் பின்னேரம் ஆமி லொறி வந்து அவனை முகாமுக்கு ஏற்றப்போகிறது என்று பனிச்சையடிச் சந்திப் பொலிசில் சொல்லிவிட்டார்கள். அந்த முகாமுக்குப் போனவர்களைப் பற்றி ஊரில் கதை உண்டு. திரும்பி வந்தவர்களைப் பற்றித்தான் கதை இல்லை.

“பின்னேரத்துக்கு முதல் பெட்டியைக் காட்டினா விடுவினம். இல்லாட்டி இல்லை,” என்றார் விமலேஸ்வரி, காரால் இறங்கும்போது. “இறங்கடா முத்தலிப்.”

மீனம்மாவின் வீடு மண்சுவரும் கிடுகும். ஒரு அறை, ஒரு குசினி. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? விமலேஸ்வரி வாசலில் நின்று கூரையைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். ஆண்டியப்பன் சாப்பிட இருக்கும் பலகையைக்கூடப் புரட்டிப் பார்த்தார். முத்தலிப்புக்குத் தண்ணீர் விடாய்த்தது. வீட்டுக்குப் பின்னால் கல்லொன்றின் மேல் இருந்த பித்தளைச் செம்பை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான்.

“ஐயோ நானா, அது வேணாம்! அது குடிக்கிற செம்பு இல்லீங்க!” என்று முத்தலிப்பை அண்ணன் முறையில் கூப்பிட்டபடி மீனம்மா ஓடிவந்தாள்.

“அதுதான் உள்ளுக்க ஆளிருக்கு!” முத்தலிப் செம்பைத் தூரப் பிடித்தான். “அக்கா, இஞ்ச வாங்க. இதுக்குள்ள ஒரு பல்லியார் குளிச்சுக்கொண்டு நிக்கிறார்.”

செம்பின் அடியில் ஒரு மடக்குத் தண்ணீர். அதில் விரல் நீளத்தில், கல்லின் நிறத்தில் கறுப்புத் திட்டுத் திட்டாக ஒரு பல்லி. ஏறியது, வழுக்கி விழுந்தது. திரும்பவும் ஏறியது, திரும்பவும் விழுந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

விமலேஸ்வரி செம்பை வாங்கி வெயிலுக்குச் சரித்தார். பல்லி வெளிச்சத்துக்குப் பயந்து மற்றப் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.

“முத்தலிப், உன்ர வீட்டுப் பல்லி கண்ணாடியில ஏறுமோ?”

“ஏறும். என்ட பொஞ்சாதி பரீனாவின்ட மூக்குக் கண்ணாடியிலயே ஏறியிருக்கு. அண்டைக்கு அவ போட்ட சத்தம் எனக்குப் போட்டதைவிடக் கூட.”

“அப்ப இது ஏன் ஒரு செம்பில ஏறமாட்டாமல் நிக்குது?”

முத்தலிப் தலையைச் சொறிந்தான்.

“காலைப் பார். வீட்டுப் பல்லிக்கு விரலில ஒட்டுற பட்டை இருக்கு. இதுக்கு வெறும் நகம். கரடு முரடான கல்லில ஓடும், பித்தளையில வழுக்கும். இது கல்லுப்பல்லி. கல்லிடுக்குக்குள்ள கிடந்து இரவில மட்டும் வெளிக்கிடுற சாதி. வீட்டுக்கு வராது. செட்டிகுளத்துச் சாத்திரியாரின்ர வழக்கை மறந்திட்டியோ?”

முத்தலிப் மறக்கவில்லை. பல்லி சொல்லிற்று, பல்லி சொல்லிற்று என்று சொல்லியே அடுத்தவன் காணியைப் பிடித்த சாத்திரியார் அவர். மடிக்குள் தகரப் பேணியில் பல்லி வளர்த்ததை விமலேஸ்வரி கண்டுபிடித்தபோது, சாத்திரியார் வெற்றிலைத் தட்டால் எறிந்தார். பட்டது முத்தலிப்புக்கு. பல்லியின் குலம் கோத்திரமெல்லாம் விமலேஸ்வரி படித்தது அந்த வழக்கில்தான்.

“பிள்ளை, இது எப்பிடி இதுக்குள்ள வந்தது?”

“தெரியலைங்கம்மா,” என்றாள் மீனம்மா. செம்பைப் பார்க்காமலே சொன்னாள்.

விமலேஸ்வரி அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார். செம்பைக் கொண்டுபோய்க் காரில் வைத்தார். “கல்லு மலைக்கு விடு.”

தங்கராசா தன் கொட்டிலுக்குள் கதிரையில் இருந்தார். வேலை நின்று இரண்டு நாள். இவர்களைக் கண்டதும் எழும்பினார், இருந்தார், பிறகும் எழும்பினார்.

“அண்ணை, பெட்டி இல்லையெண்டதை முதல் ஆர் கண்டது?” என்று விமலேஸ்வரி கேட்டார்.

“ஆண்டியப்பன்தான். அண்டைக்குப் பெரிய வெடி வைக்க இருந்தது. பன்னிரண்டு குழி துளைச்சு வைச்சிருந்தவன். விடியத் திறந்து பாத்திட்டு ஓடிவந்து எனக்குச் சொன்னவன்.”

“களவெடுத்தவன் தானே திறந்து, தானே ஓடிவந்து சொல்லுவானோ?”

“அது எனக்கும் விளங்குது. பொலிஸ் என்னட்ட அதைக் கேக்கேல்லை. திறப்பு ஆரிட்ட எண்டுதான் கேட்டவங்கள், சொன்னனான்.” தங்கராசா நிலத்தைப் பார்த்தார். “எனக்கும் பிள்ளையள் இருக்குதுகள், பாருங்கோ.”

முத்தலிப்புக்கு அந்த மனுசனில் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்வது? அந்த இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தபோது கோபமும் போய்விட்டது.

மலையின் முன்பக்கம் வெடி வைத்து வைத்துச் சுவர் மாதிரி நின்றது. “இஞ்ச பல்லி இராது,” என்றார் விமலேஸ்வரி. “ஒவ்வொரு கிழமையும் வீடு அதிர்ந்தா நீ இருப்பியோ?”

“நான் இருப்பன். பரீனாதான் தன்ட வாப்பா வீட்டுக்குப் போவமெண்டு நிப்பா.”

பின்பக்கம் வேறு உலகம். காட்டு விளிம்பில் யானை யானையாகப் பாறைகள், இடையில் பாலை மரங்களின் நிழல். முத்தலிப் ரோச் லைற்றை இடுக்குக்கு இடுக்கு அடித்துக்கொண்டே போனான். சில இடுக்குகளில் அந்தத் திட்டுப் பல்லிகள் கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடந்தன. வெளிச்சம் பட்டதும் உள்ளுக்கு ஓடின. ஓர் இடத்தில் விமலேஸ்வரி நின்றார்.

பூசணிக்காய் அளவில் ஒரு கல். அதன் மண் ஒட்டிய பக்கம் மேலே பார்த்துக் கிடந்தது.

“கல்லுக்கு மண் கீழ்ப்பக்கத்திலதான் ஒட்டும்,” என்றார். “ஆரோ புரட்டியிருக்கினம். லைற்றை அடி.”

உள்ளே ஒரு பெட்டி கொள்ளக்கூடிய பொந்து. தூசியில் சதுரமாக ஒரு பெட்டி இருந்த அடையாளம், பக்கத்தில் சாக்கு நூல் இரண்டு. பெட்டி இல்லை.

“கிட்ட வந்திட்டம்!” என்றான் முத்தலிப். “சூடான சட்டி, சோறு மட்டும் இல்லை.”

“நிலத்தைப் பார்.”

வெறுங்கால் அடையாளம், சின்னக் கால். அதன் மேல் ரப்பர்ச் சிலிப்பர் அடையாளங்கள், ஒன்றல்ல, இரண்டு மூன்று பேருடையவை. அந்தச் சிலிப்பர்களின் மேலும் வெறுங்கால் ஒருமுறை நடந்திருந்தது. அப்பால் இரண்டு சைக்கிள் தடங்கள், பாரம் ஏற்றிய ஆழத்தோடு, காட்டுக்குள் போய் மறைந்தன.

முத்தலிப் அந்தத் தடங்களையே பார்த்தான். காட்டுக்குள் சைக்கிளில் போகும் இயக்கத்துப் பெடியள் யார் என்று அந்தக் காலத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டவனையும் ஒருவன் கேட்பான். விமலேஸ்வரி தன் செருப்பால் அந்தத் தடத்தின் தொடக்கத்தை மெல்ல அழித்தார். முத்தலிப் மிச்சத்தை அழித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“அக்கா, அப்ப பெட்டி…”

“பெட்டி இனி இல்லை.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இவர்களுக்குப் பூதத்தின் சைக்கிள் தடம் மட்டும் கிடைத்தது. முத்தலிப்பின் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. காட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே காருக்கு நடந்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் விமலேஸ்வரி செம்பை மீனம்மாவுக்கு முன்னால் வைத்தார். பல்லி இன்னும் உள்ளேதான் இருந்தது.

“பிள்ளை, இது குடிக்கிற செம்பில்லையெண்டு நீதான் சொன்னனீ. விடிய இருட்டோட வெளிக்குப் போகேக்க பொம்பிளையள் கொண்டுபோற செம்பு. ஆம்பிளையின்ர இல்லை. உன்ர மனுசன் ரெண்டு நாளாப் பொலிஸ் கூட்டுக்குள்ள. அடியில தண்ணி இன்னும் காயேல்லை, அப்ப இது இண்டைக்கு விடியப் போய்வந்த செம்பு. மலைக்குப் பின்னால நீ இதைக் கீழ வைச்சிட்டுக் கல்லைப் புரட்டியிருக்கிறாய். உள்ளுக்க கிடந்தது வெருண்டு ஓடி இதுக்க விழுந்திட்டுது. நீ பாக்காமல் தூக்கிக்கொண்டு வந்திட்டாய்.”

மீனம்மா நின்ற இடத்திலேயே சரிந்து இருந்தாள். முத்தலிப்புக்கு நம்ப முடியவில்லை. கோழி கொண்டுவந்து அழுதவளா?

“நான்தாங்கம்மா எடுத்தேன்,” என்றாள். “விக்கவா எடுத்தேன்? மொத நா ராத்திரி சோறு திங்கக்குள்ள அவரு தலையில பல்லி விழுந்துச்சு. உச்சந்தலையில. தலையில விழுந்தா சாவும்மா. எங்கப்பாவுக்கு அப்பிடித்தான் விழுந்துச்சு, மறுநாளு கொழுந்து லொறி பெரண்டு செத்தாரு. தலை முழுகச் சொன்னேன், முழுகுனாரு. நாளைக்கு மலைக்குப் போவாதீங்கன்னேன், சிரிச்சாரு. பன்னெண்டு குழி வெடிம்மா. எனக்கு இருப்புக் கொள்ளல. தூங்குனதும் தெறப்ப எடுத்துக்கிட்டுப் போயி பொட்டியக் கொண்டுபோய்க் கல்லுக்குள்ள வச்சேன். பொட்டி இல்லாட்டி வெடி இல்ல. மூணு நா கழிச்சா தோசம் போயிரும், இருந்த எடத்துலயே வச்சிடலாம்னு…”

“பொலிஸ் வரேக்க ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டான் முத்தலிப்.

“கைகாலு ஓடல நானா. மலையச் சுத்தி ஒரே போலிசு. இன்னைக்கு விடியத்தான் போக முடிஞ்சுது. பொட்டிய எடுத்துக்கிட்டு நேரா டேசனுக்குப் போயி கால்ல விழலாம்னு போனேன். பார்த்தா இல்ல.” அவள் முகத்தில் அறைந்துகொண்டாள். “பொட்டி இல்லாம நான் என்னத்தச் சொல்ல? அதான் அம்மாகிட்ட ஓடியாந்தேன். நீங்க எப்பிடியாச்சும் பொட்டியக் கண்டுபிடிச்சிருவீங்கன்னு.”

முத்தலிப் கண்ணைத் துடைத்தான். சாவிலிருந்து காப்பாற்ற எடுத்த பெட்டி இப்போது அவனைச் சாவுக்குக் கொண்டுபோகிறது. பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தால் மாட்டையாவது அடிக்கலாம். இதில் யாரை அடிப்பது?

“இப்ப கேள்,” என்றார் விமலேஸ்வரி. குரல் இறங்கியிருந்தது. “நீ எடுத்தனெண்டு சொன்னா, எங்க எண்டு கேப்பினம். இல்லையெண்டா, ஆருக்குக் குடுத்தனீ எண்டு கேப்பினம். அவரையும் விடமாட்டினம், உன்னையும் ஏத்துவினம். அதால நீ வாய் திறக்கக்கூடாது. களவெடுத்தவன் தானே வந்து சொல்லமாட்டான். அதைச் சொல்லி நான் ஒருநாள் தவணை கேக்கிறன். ஒருநாள் கிடைச்சா வழக்குப் பேச ஒரு பிரக்கிராசியைப் பிடிக்கலாம். சத்தியம் பண்ணு.”

மீனம்மா சத்தியம் பண்ணினாள்.

அவர்கள் பனிச்சையடிச் சந்திக்குப் போய்ச் சேர்ந்தபோது லொறி முதலே வந்து நின்றது. முன்சீற்றில் ஓர் அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வயதான சார்ஜன் வாசலுக்கு வந்தார். விமலேஸ்வரி சிங்களத்தில் பேசினார். சார்ஜன் மரியாதைக்கு, அம்மா என்பதை மட்டும் நோனா என்று சிங்களத்தில் வைத்து, தமிழில் பதில் சொன்னார்.

“நோனா சொல்றது சரி. கள்ளன் வந்து சொல்றதில்ல. நானும் யோசிச்சது.”

“அப்ப ஒருநாள் தாங்கோ.”

“அந்த ஆமி மாத்தயாகிட்ட கேக்க வேணும்.” சார்ஜன் லொறிப் பக்கம் போய்க் கதைத்தார். அதிகாரி கேட்டான். தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை, யோசித்தான். முத்தலிப்புக்கு அந்த யோசனை ஒரு யுகமாக இருந்தது. யா அல்லாஹ், ஒரே ஒரு நாள் என்று மனதுக்குள் கெஞ்சினான். அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது போலவும் தெரிந்தது.

அப்போதுதான் ஆண்டியப்பனை வெளியே கொண்டுவந்தார்கள். கை பின்னால் கட்டியிருந்தது. ஒரு கண் மூடிப்போய், உதடு வீங்கி, அது ஆண்டியப்பன்தான் என்று தெரிய மீனம்மாவுக்கே நேரம் எடுத்தது. தெரிந்தபோது சத்தியம் எல்லாம் காற்றில் போயிற்று. அவள் விமலேஸ்வரியின் கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடினாள்.

“ஐயா! அவர அடிக்காதீங்க ஐயா! அந்தப் பொட்டிய…”

“மம தமய் கத்தே!”

கத்தியது ஆண்டியப்பன். சிங்களத்தில் கத்தினான். நான்தான் எடுத்தேன் என்று, யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல், தோட்டத்தில் பழகிய சிங்களத்தில், லொறியில் இருந்த அதிகாரிக்கு நேரே பார்த்துக் கத்தினான். “நான்தான் எடுத்தேன் மாத்தயா, நான் மட்டுந்தான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இவ பைத்தியம்.”

இரண்டு நாள் அடிக்கு வராத சொல் அது. முத்தலிப்புக்கு அப்போதுதான் விளங்கியது. இவனுக்குத் தெரியும். காலையில் வெறும் அறையைத் திறந்தபோதே, தன் அரைஞாணில் கை வைக்கக்கூடியவள் யார் என்று தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் இவ்வளவு அடியையும் வாங்கியிருக்கிறான்.

மீனம்மா நிலத்தில் விழுந்து உண்மையைச் சொன்னாள். பல்லி விழுந்தது, தலை முழுகியது, திறப்பு, பொந்து, எல்லாவற்றையும் ஒப்பாரியாகச் சொன்னாள். இனி மறைத்துப் பயனில்லை என்று கண்ட விமலேஸ்வரி, சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் அதிகாரிக்குச் சொன்னார். கோட்டில் இத்தனை வருசம் நின்றும் இவ்வளவு திறமாக அவர் மொழிபெயர்த்ததில்லை. அதிகாரி கேட்டுவிட்டுச் சிரித்தான். புருசனுக்காக எந்தப் பெண்ணும் இப்படித்தான் சொல்லுவாள் என்றான். எடுத்தவனே ஒப்புக்கொண்டபிறகு தவணை எதற்கு என்று, நியாயமாகவே, கேட்டான்.

விமலேஸ்வரி சார்ஜனைப் பிடித்தார். “நீங்கள் நம்புறியளோ இல்லையோ?”

சார்ஜன் தொப்பியைக் கழற்றினார். “எங்க அம்மா பல்லி கத்தினா வெளிய போறதில்ல, நோனா. இந்தப் பொம்பள பொய் இல்ல. நான் நம்புறது.”

“அப்ப போய்ச் சொல்லுங்கோ!”

“யாருக்குச் சொல்றது?” என்றார் சார்ஜன். தொப்பியைத் திரும்பவும் தலையில் வைத்துக்கொண்டார்.

ஆண்டியப்பனை ஏற்றினார்கள். ஏறும்போது அவன் மீனம்மாவைப் பார்க்கவேயில்லை. பார்த்தால் அவள் பின்னால் வந்துவிடுவாள் என்று பயந்திருப்பான். லொறி திரும்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு தெற்கே போயிற்று. மீனம்மா கொஞ்சத் தூரம் ஓடினாள். பிறகு நின்றாள். றோட்டின் நடுவிலிருந்து திரும்பி நடந்து, விமலேஸ்வரிக்கு முன்னால் வந்து நின்றாள். அழுகை நின்றுபோயிருந்தது.

“நெசத்தக் கண்டுபிடிச்சிட்டீங்கல்லம்மா,” என்றாள். “இனி என்னங்கம்மா செய்யணும்?”

விமலேஸ்வரி லொறி போன பக்கம் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார். முத்தலிப் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஏறவில்லை, பதிலுக்காக நின்றாள்.